கலெக்டர் லீவு விட்ட நாளில் பாடம் எங்கே இருக்கும்?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் காலை ஐந்தரை மணிக்கே எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும். "கலெக்டர் லீவு விட்டுட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி, காபியெல்லாம் அப்புறம். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மூன்று மாவட்டத்துக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை வரும் நாளும் உண்டு. பள்ளிக்கு மட்டும் விட்டுவிட்டு, கல்லூரிப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும் நாளும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் செமஸ்டரின் கடைசி வாரங்களும் ஒன்றாக வந்து தொலைப்பதால், போர்ஷன் முடிக்க வேண்டிய நேரத்தில்தான் வகுப்புகள் போகின்றன.

இதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று எங்கள் பிரின்சிபால் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கணிதத் துறை மேடம், வணிகவியல் சார், கணினித் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் ஒரு தம்பி, தமிழ்த் துறையிலிருந்து நான். மழை நாள் வகுப்புக்கும், மாலையில் நடத்தும் சான்றிதழ் படிப்புக்கும் எந்தெந்தச் செயலியை வைத்துக்கொள்வது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஜூமா மீட்டா என்றே போனது. எனக்கு அப்போதே தோன்றியது, அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று. வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு எந்தச் செயலியானாலும் ஓரளவு ஓடிவிடும். வர முடியாதுபோன பிள்ளைக்கு அன்று ராத்திரி பாடம் எங்கே கிடைக்கும் என்பதுதான் விஷயம். நான்கு பேரில் இதை முதலில் ஒத்துக்கொண்டவர் கணித மேடம். வணிகவியல் சார் கடைசிவரை அரை மனதாகவே இருந்தார்.

வர முடியாத பிள்ளை என்றால் யார்? சம்பா நடவு நேரத்தில் அம்மாவோடு வயலுக்குப் போகிறவள். தை அறுப்பில் அப்பாவுக்குக் கைமாற்றி விடுகிறவன். அண்ணன் வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு ராத்திரி எட்டு மணிக்குத்தான் கைபேசி கைக்கு வரும் தங்கை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை கரண்ட் நிறுத்தும் ஊர்க்காரன். இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. பத்து மணி வகுப்புக்குப் பத்து மணிக்கு வர இயலாதவர்கள், அவ்வளவுதான்.

அடுத்து டேட்டா. கணித மேடம் கரும்பலகையில் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். படம் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேர வகுப்புக்கு 450 எம்.பி. தரத்தைக் குறைத்து 500 கிலோபிட் என்றாலும் 225 எம்.பி. நாளுக்கு ஒன்றரை ஜி.பி. ரீசார்ஜ் வைத்திருக்கும் வீட்டில் முதல் கணக்குப்படி மூன்று வகுப்பு முடிந்தால் அன்றைய டேட்டா ஏறக்குறைய காலி. ஆனால் வெறும் குரல் என்றால், 64 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்.பி.க்குள் அடங்கிவிடும். பத்து நிமிடப் பேச்சை 32 கிலோபிட்டில் பதிந்தால் 2.4 எம்.பி.தான், பிறந்தநாள் வாழ்த்து என்று உறவினர் அனுப்பும் வீடியோவைவிடச் சின்னது. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜி.பி. இலவசமாகக் கொடுத்தது. அந்த நாலு மாதப் பழக்கத்தில்தான் இன்றும் நம்மில் பலர் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறோம். அந்த இலவச டேட்டா போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

சரி, நேரலை வகுப்புக்கான செயலிகளைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம், 100 பேர். எங்கள் பீரியட் 50 நிமிடம்; வருகைப் பதிவு எடுத்துப் பத்து நிமிடம் போய்விடும் என்று வைத்தால் அதுவே போதும் என்றார் வணிகவியல் சார், சிரித்துக்கொண்டே. கூகுள் மீட்டில் சொந்த ஜிமெயில் கணக்கு என்றால் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தாலே 60 நிமிட வரம்பு வரும். கல்லூரியின் பெயரில் கல்விக் கணக்கு வாங்கினால் அந்த நேர வரம்பு இல்லை. ஆனால் இலவசக் கல்விக் கணக்கில் 100 பேர்தான், வகுப்பைப் பதிவு செய்யும் வசதியும் கிடையாது. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்து உட்கார வைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு 100 என்பது இடிக்கும் எண். மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் இலவசக் கல்விக் கணக்கு 300 பேர் வரை தாங்கும். ஆனால் அதற்குள் குழு, சேனல், கோப்பு, அரட்டை என்று அறைக்குள் அறையாகப் போகும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் கைபேசியில் ஏற்கெனவே மெமரி நிரம்பி வழிகிறது.

யாரும் இலவசமாக எடுத்து ஓட்டிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள் பக்கத்தில் ஜிட்சி இருக்கிறது. முன்பெல்லாம் அதன் பொதுத் தளத்தில் கணக்கே இல்லாமல் அறை திறக்கலாம்; 2023 ஆகஸ்டிலிருந்து அறை திறப்பவர் கணக்கோடு நுழைய வேண்டும். சேருகிறவர்களுக்கு இன்னும் தேவையில்லை. பாடம் நடத்துவதற்கென்றே பிறந்தது என்றால் பிக்புளூபட்டன்தான். 2007-இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. எல்லோரும் எழுதக்கூடிய பலகை, வாக்கெடுப்பு, சிறு குழு அறைகள் எல்லாம் உண்டு. கணித மேடத்துக்கு அந்தப் பலகை மிகவும் பிடித்துப்போனது. ஆனால் ஒழுங்காக ஓட 8 கோர், 16 ஜி.பி. நினைவகத்தோடு தனிச் சர்வர் வேண்டும் என்றதும் பிரின்சிபால் முகத்தைப் பார்த்துவிட்டு நாங்களே அடுத்த பக்கத்தைத் திருப்பினோம்.

இந்த இடத்தில் ஒரு யோசனை வந்தது. பழைய கணினி லேபில் சும்மா கிடக்கும் இயந்திரம் ஒன்றைச் சர்வராக்கினால் என்ன? செலவே இல்லையே. கேட்க நன்றாக இருக்கும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு நம் பகுதியில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். மழை நாளில் வேலை செய்ய வேண்டிய ஒன்றை, மழை நாளில் முதலில் அணையும் கட்டடத்துக்குள் வைப்பதா? யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும்? அந்த யோசனையை அன்றோடு விட்டோம். கல்லூரி வளாகத்துக்கு வெளியே, வேறு எங்கேயோ ஓடும் சர்வர்தான் நமக்குச் சரி.

இனி உண்மையான போட்டி. பாடம், தேர்வு, மதிப்பெண் எல்லாம் தங்கும் வீடு எது, கூகுள் கிளாஸ்ரூமா மூடுலா?

மூடுல் 2002-இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கியது. திறந்த மூலம், உரிமக் கட்டணம் இல்லை. வசதி என்று பட்டியல் போட்டால் கிளாஸ்ரூம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வினா வங்கி வைக்கலாம். அலகுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு கேள்வி எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். கணிதச் சமன்பாட்டை லேடெக்ஸ் என்ற குறியீட்டு முறையில் எழுதினால் அழகாகக் காட்டும். 2022-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து பிக்புளூபட்டனும் அதற்குள்ளேயே இருக்கிறது. தனிச் சர்வர் இல்லாதவர்களுக்கு 60 நிமிடம், 25 பேர் என்ற அளவில் இலவச இணைப்பும் உண்டு. ஒரு முதுகலை வகுப்புக்கு அது தாராளம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது அதன் கைபேசிச் செயலி. சிக்னல் இருக்கும்போது பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாதபோது படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் தேர்வைக்கூட இணையம் இல்லாமல் எழுதிவிட்டு, டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பலாம். மொட்டை மாடிக்குப் போனால்தான் இரண்டு கோடு காட்டும் ஊர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இலவச அளவில் இந்தச் செயலிக்குச் சில வரம்புகள் உண்டு. எத்தனை பாடம் இறக்கலாம், எத்தனை பேருக்கு அறிவிப்பு போகும் என்பது நாம் வாங்கும் திட்டத்தைப் பொறுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு திட்டமிட வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு மூடுல் வேண்டாம் என்று நான் வாக்களித்தேன் என்றால் ஆச்சரியமாக இருக்கும். காரணம் ஒரு பழைய காயம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மூடுல் போட்டோம். நிறுவியவர் ஒருவர், பார்த்துக்கொண்டவரும் அவரே. அவருக்கு வேறு ஊரில் நிரந்தர வேலை கிடைத்தது. வாழ்த்தி, சால்வை போர்த்தி அனுப்பினோம். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கான சர்வர் வாடகை, புதுப்பிக்கும் கடிதம் அவருடைய மின்னஞ்சலுக்கே போயிருக்கிறது. ஒரு நாள் தளமே இல்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து நான் சேர்த்த இலக்கண வினாக்கள் அதோடு போயின. இப்போதும் புணர்ச்சி விதி நடத்தும்போது, அந்த அலகுக்கு நல்ல கேள்விகள் வைத்திருந்தோமே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

மூடுலுக்கு ஆள் வேண்டும். பதிப்பு மாற்ற, காப்புப் பிரதி எடுக்க, செமஸ்டர் தொடங்கியதும் முந்நூறு பேரைச் சேர்க்க, கடவுச்சொல் மறந்தவனுக்கு மாற்றிக் கொடுக்க. டெல்டாவின் பல கலைக் கல்லூரிகள் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில்தான் நிற்கின்றன. அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்பது அவர்களுக்கே தெரியாது. எங்கள் கணினித் துறைத் தம்பி கெட்டிக்காரர். "நான் பார்த்துக்கிறேன் சார்" என்றார். அவர் பார்த்துக்கொள்வார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கல்லூரி அவரைப் பார்த்துக்கொள்ளுமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிளாஸ்ரூம் 2014-இல் வந்தது. அதில் சாமான் குறைவு. அறிவிப்பு, அசைன்மென்ட், மதிப்பெண், கோப்பு, அவ்வளவுதான். ஆனால் அதை ஓட்ட ஆள் தேவையில்லை. பிள்ளைகள் ஜிமெயில் அறிந்தவர்கள். டிரைவில் இருக்கும் கோப்பை இணையமில்லாதபோதும் திறக்கும்படி ஒரே தட்டலில் குறித்துக்கொள்ளலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, ஆசிரியர்கள் அவரவர் சொந்த ஜிமெயிலில் வகுப்பு திறக்கக் கூடாது. மாற்றலாகிப் போகும்போது வகுப்பும் அவரோடு போய்விடும். என் மூடுல் கதையேதான், வேறு வேஷத்தில். கல்லூரியின் சொந்த முகவரியில், ஏசி.இன் போன்ற கல்விப் பெயரில், முறையாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அந்தப் பெயர்களை மத்திய அரசின் எர்நெட் இந்தியா அமைப்பு மூலம்தான் பெற முடியும். தாள் வேலை கொஞ்சம் இருக்கிறது. நிர்வாகிக் கணக்கு பிரின்சிபால் பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆளின் பெயரில் வேண்டாம். இன்னொன்று இடம். இலவசக் கல்விக் கணக்கில் கல்லூரி முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட். எங்களுக்கு அது கடல். ஆனால் ஆளாளுக்கு ஒரு மணி நேர வீடியோக்களைக் கொட்டினால் கடலும் ஒரு நாள் குளமாகும்.

இப்போது மணியைப் பற்றி. பாடம் எங்கேயிருந்தாலும், இருக்கிறது என்று சொல்ல ஒரு மணி அடிக்க வேண்டும். அது எங்கள் ஊரில் வாட்ஸ்அப்தான், வேறு பேச்சில்லை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், 2 ஜி.பி. வரை கோப்பு அனுப்பலாம். ஆனால் அங்கே பாடத்தை வைக்காதீர்கள். காலையில் போட்ட அலகு இரண்டு குறிப்பு, மாலைக்குள் "தேங்க்யூ சார்" எழுபதுக்கு அடியில் போய்விடும்.

அதைவிடப் பெரிய சங்கடம் கைபேசி எண். குழுவில் சேர்ந்தால் எல்லோருக்கும் எல்லோர் எண்ணும் தெரியும். பெண் பிள்ளைகளின் எண் வெளியே போய், அதனால் வீட்டில் கைபேசியே பிடுங்கப்பட்ட கதை ஒன்றிரண்டு எனக்கே தெரியும். பிள்ளை மேல் தப்பே இல்லாமல் படிப்பு நின்றது. ஆகவே குழு வேண்டாம், சேனல் போதும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. டெலிகிராமிலும் சேனல் உண்டு, அமைப்பில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். பழைய கோப்புகளைத் தேடி எடுப்பதும் அதில் எளிது. ஆனால் அண்ணன் கைபேசியில் டெலிகிராம் ஏற்று என்று தங்கையைச் சொல்லச் சொல்வது அவ்வளவு எளிதில்லை. வாட்ஸ்அப் சேனலே முடிவானது. 2023-இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது என்பதையும் குறித்து வைத்தோம். முதலாண்டில் சேரும்போது பதினேழு வயதில் இருப்பவர்கள் நிறையப் பேர்.

தேர்வு விஷயத்தில் தமிழ்த் துறைக்காரன் என்ற முறையில் கொஞ்சம் புலம்ப அனுமதியுங்கள். எங்கள் துறையில் பத்து வருட வினாத்தாள்கள் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அதை அப்படியே எடுத்துக் கூகுள் படிவத்திலோ மூடுலிலோ ஒட்டினால், ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக ஏதோ மந்திரம் போலத் தெரியும். எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடை 2010-இலேயே தமிழக அரசு தரமாக அறிவித்துவிட்டது. எங்கள் அலமாரி இன்னும் கேள்விப்படவில்லை. படிப்பதற்கு மட்டுமென்றால் பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் போதும், எழுத்துரு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கேள்வியாகப் போட வேண்டுமென்றால் யூனிகோடாக மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் படித்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஒரு சொல்லில் விடை கேட்டு இயந்திரத்தைத் திருத்தச் சொன்னால் இன்னொரு வம்பு. விடை "காவிரிப்படுகை" என்று வைத்திருப்போம். ஒருவன் "காவிரிப் படுகை" என்று இடம்விட்டு எழுதுவான். ஒருத்தி ஒற்றை விட்டுவிட்டு "காவிரி படுகை" என்பாள். இன்னொருவர் "காவேரி" என்று தொடங்குவார். மூன்றும் தவறு என்று இயந்திரம் சுழியம் போடும். மூடுலில் ஒரே கேள்விக்குப் பல விடைகளைச் சரியென்று கொடுக்கலாம். நட்சத்திரக் குறி போட்டு "இதில் எதுவும் வரலாம்" என்றும் சொல்லலாம். ஒற்று விட்டவளுக்குப் பாதி மதிப்பெண்கூட வைக்கலாம். கூகுள் படிவத்திலும் பல விடைகளை ஏற்கச் செய்யலாம், பாதி மதிப்பெண் மட்டும் கையால்தான். எங்கள் பாடத்துக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த ஒரு பத்தியை எழுதும்போது மூடுலுக்கு எதிராக வாக்களித்ததை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

பாடத்தையே வெளியிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன என்றும் கேட்டார்கள். 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளத்தில் படித்து வாங்கும் மதிப்பீட்டுப் புள்ளிகளை (கிரெடிட்), ஒரு பருவத்தில் ஒரு படிப்பின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஏற்கலாம் என்று யூ.ஜி.சி.யின் 2021 விதி சொல்கிறது. பொறியியல் பிள்ளைகளுக்கு அதில் ஐ.ஐ.டி.க்கள் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் பெரிய வரம். தமிழ் வழியில் படிக்கும் எங்கள் வரலாற்று மாணவனுக்கு ஆங்கிலப் பேருரை எவ்வளவு ஏறும்? துணைக்கு வைத்துக்கொள்ளலாம், சோற்றுக்குப் பதிலாகக் கூட்டு ஆகாது.

கடைசியில் எழுதிக் கொடுத்தது இது. கல்லூரிப் பெயரில் கூகுள் கல்விக் கணக்கு. பாடம் தங்கும் இடம் கிளாஸ்ரூம். ஒவ்வொரு அலகுக்கும் பத்துப் பத்து நிமிடக் குரல் பதிவுகளும் ஒரு பி.டி.எஃப். குறிப்பும், மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசி முடிவதற்குள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். மீட்டில் வாரம் ஒரு தடவை, ராத்திரி எட்டரைக்கு, சந்தேகம் கேட்க மட்டும், கேமரா இல்லாமல். மணி அடிக்க வாட்ஸ்அப் சேனல். கணிதத்துக்கும் கணினிக்கும் மட்டும், மாதக் கட்டணம் கட்டி வெளியில் ஓடும் ஒரு மூடுலை ஓராண்டு சோதித்துப் பார்ப்பது. கடவுச்சொல் மூன்று பேரிடம், ஹோஸ்டிங் கடிதம் அலுவலக மின்னஞ்சலுக்கு. சொந்தத் தேர்வுப் பிரிவும் நிரந்தரக் கணினி ஆளும் உள்ள தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் முழுக்க மூடுலுக்கே போகச் சொல்லியிருப்பேன்.

அறிக்கையை டைப் அடித்து முடித்த பிறகு கணித மேடம் கேட்டார்: "ஒரு கைபேசியை மூணு பிள்ளைங்க பங்கு போட்டுக்கிற வீட்டுக்கு என்ன சார் பண்ணப் போறோம்?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையைப் பட்டியலில் சேர்த்தோம். பி.டி.எஃப். அங்கேயும் போகும், பிள்ளைகள் வரும்போது எடுத்துக்கொள்ளட்டும், காசு துறையிலிருந்து மாதக் கடைசியில். அடுத்த நாள் நானே போய்ப் பேசினேன். கடைக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: "சார், போன தடவை ஒருத்தர் கருநீலப் பின்னணில வெள்ளை எழுத்துல ஸ்லைடு குடுத்தாரு. ஒரு டோனரே போச்சு. வெள்ளைத் தாளா குடுங்க."

அதையும் அறிக்கையில் சேர்த்தாயிற்று. ஏழாவது விதி, பின்னணி வெள்ளை.